ரெமெய் கைவிட்ட பெட்டி

வால்ரெதோனா ஊராட்சி அலுவலகத்தில் தேர்தல் வேலைக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கியபோது, மூன்றாம் வாக்கு மேசைக்குத் தலைவியாக ரெமெய் போருல் பெயர் வந்தது. செய்தி காப்பிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஊர் கைதட்டி முடித்துவிட்டது. "பெட்டிக்காகக் கையை ஒடிச்சுக்கிட்டவ கைக்கே பெட்டி வந்திருக்கு பாரு" என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். ரெமெய் அப்போது கூட்டுறவு ஆலையில் ஆலிவ் பிழியும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். செய்தியைக் கேட்டதும், இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

சீட்டில் பெயர் விழுந்தால் தப்பிக்க முடியாது. பிரசவம், ஆஸ்பத்திரி, சாவு, இந்த மூன்றில் ஒன்றைக் காரணம் காட்ட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் முதலாவதற்கு வழியில்லை. மற்ற இரண்டிலும் அவளுக்கு ஆசையில்லை.

அவள் கெட்ட வார்த்தை சொன்னதற்குக் காரணம் வேறு. அக்டோபர் முதல் தேதி, ஸ்பெயினிலிருந்து பிரிந்து கத்தலோனியா தனிநாடாக வேண்டுமா என்று ஊர் தானே பெட்டி வைத்து ஓட்டெடுத்தது. அது சட்டவிரோதம் என்று மத்ரித்திலிருந்த ஸ்பெயின் அரசு சொன்னது, போலீஸை அனுப்பியது. பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் நுழைந்தபோது பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றவள் ரெமெய். அவள் விடவே இல்லை, மணிக்கட்டை முறித்துத்தான் பெட்டியைப் பிடுங்கினார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. ஆறு வாரம் மாவுக்கட்டோடு அவள் தெருவில் நடந்தபோது கிழவர்கள் தொப்பியைக் கழற்றி வணங்கினார்கள்.

நடந்தது அதுவல்ல. தலைக்கவசம் போட்ட ஒருவர் அவள் முன்னால் வந்து நின்றார். அடிக்கவில்லை, தள்ளக்கூட இல்லை. "அம்மா, விட்டுடுங்க" என்றார், வங்கியில் வரிசை மாறி நிற்பவரிடம் சொல்வதுபோல. ரெமெய் விட்டுவிட்டாள். பத்து விரலையும் தானே திறந்தாள். பிறகு பின்பக்கமாக ஓடும்போது மழையில் நனைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு போனது அங்கேதான். இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு தடவையும் "நீ பேசாதே, ஓய்வெடு" என்று வாயை அடைத்தார்கள். மாவுக்கட்டு காய்வதற்குள் கதையும் காய்ந்து கெட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகு மத்ரித் கத்தலோனியப் பார்லிமென்டைக் கலைத்தது. கலைத்த கையோடு புதுத் தேர்தலும் அறிவித்தது, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, அதுவும் ஆலிவ் பறிக்கும் பருவத்தில். அந்த வியாழன் விடியற்காலையில் அடுப்பில் காப்பி பொங்குவதைப் பார்த்துக்கொண்டே ரெமெய் தனக்குள் ஒரு முடிவு எடுத்தாள். இன்று அந்தப் பெட்டியைத் தேடி வரும் ஓட்டு ஒன்றுகூடத் தன் கையிலிருந்து போகக்கூடாது. யார் ஓட்டாக இருந்தாலும் சரி, யார் வந்து எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் சரி.

மேசை போட்டிருந்தது அதே பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்பு அறையில். அவளுக்கு இடப்பக்கம் மருந்துக்கடை ஃபப்ரேகட் உட்கார்ந்தார். பட்டியலில் ஓட்டுப் போட்டவர் பெயரை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அடிப்பது அவர் வேலை. ஸ்பெயின் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பவர். ஊரில் அதை வாய்விட்டுச் சொல்லும் நான்கைந்து பேரில் ஒருவர். வலப்பக்கம் லாரி ஓட்டும் கல்தெரிக், இருபத்தெட்டு வயது. ஓட்டுப் போட்டவர்களை வரிசை எண் போட்டு எழுதுவது அவன் பொறுப்பு. அவன் தனிநாட்டுக்காரன். சுவரோரமாக நாற்காலி போட்டுத் தனிநாட்டுக் கட்சியின் முகவராக உட்கார்ந்திருந்தவன் எர்மெங்கோல், ரெமெய்யின் சொந்தத் தம்பி. கார் பட்டறை வைத்திருப்பவன், நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு.

தலைவியின் வேலை எளிது. வருபவரின் அடையாள அட்டையை வாங்க வேண்டும், முழுப் பெயரை உரக்கப் படிக்க வேண்டும், "வாக்களிக்கிறார்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உறை பெட்டிக்குள் விழலாம்.

முதல் வம்பு ஒன்பதரை மணிக்கே வந்தது. ஸ்பெயின் பிரியக்கூடாது என்னும் ஐக்கியக் கட்சியின் பிரதிநிதி, தர்ரகோனா நகரிலிருந்து வந்த லெயாந்திரோ என்ற இளைஞர், கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். சிறையிலிருக்கும் தலைவர்களுக்காகத் தனிநாட்டுக்காரர்கள் மஞ்சள் நாடா குத்திக்கொண்டு திரிந்த காலம் அது. வாக்குச்சாவடியில் மஞ்சள் ஆகாது என்று தேர்தல் வாரியம் சொல்லியிருந்தது. லெயாந்திரோவின் கண் மூலையிலிருந்த தியோவின் மேல் போய் நின்றது. தியோ ஒரு மரக்கட்டை. மூக்கும் கண்ணும் வரைந்து சிவப்புத் தொப்பி போட்டுப் பிள்ளைகள் அதற்கு டிசம்பர் முழுக்க ஆரஞ்சுத் தோல் ஊட்டுவார்கள், குளிரக்கூடாதென்று போர்வை போர்த்துவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிரம்பால் அடித்தால் அது மிட்டாய் கழியும். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பின் தியோவுக்குப் போர்த்தியிருந்த போர்வை நல்ல மஞ்சள்.

"தலைவி அம்மா, அந்தப் போர்வைய எடுக்கச் சொல்லுங்க."

"குளிரும் அதுக்கு" என்றாள் ரெமெய்.

"கிண்டல் பண்றீங்களா?"

"தம்பி, அதுக்கு ஓட்டு இல்ல. பட்டியல்ல பேர் இல்ல. எந்தக் கட்சிலயும் சேரல. இன்னும் மூணு நாள்ல அடி வாங்கப் போற ஜென்மம், அதப் போய் ஏன் வம்புக்கு இழுக்கறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கல்தெரிக் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். லெயாந்திரோவின் காது சிவந்தது. "இது அரசியல் சின்னம். வாரியத்துக்கு போன் போடுவேன்."

"போடுங்க. ஆனா வாய்வார்த்தையா வேணாம். கட்டைக்குப் போர்வை கூடாதுன்னு காகிதத்துல எழுதி, முத்திரை குத்தி அனுப்பச் சொல்லுங்க. இந்த அறைக்குள்ள உத்தரவு போடறது நான். எனக்கு உத்தரவு போடறது காகிதம்."

பதினொன்றரைக்குக் காகிதம் வந்தே விட்டது. எங்கோ ஓர் அலுவலகத்தில் மூன்று நீதிபதிகள் கூடி ஒரு மரக்கட்டையின் போர்வையைப் பற்றி விவாதித்து முடிவெடுத்திருந்தார்கள். ரெமெய் அதை எழுத்து விடாமல் படித்தாள், எழுந்து போய்ப் போர்வையை மடித்து அலமாரிக்குள் வைத்தாள். எர்மெங்கோல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அக்கா! நீயா எடுக்கற?"

"எழுதிக் குடுத்துட்டாங்கல்ல."

"அவங்க எழுதினா?"

"எழுதிக் கேட்டது நானு. கேட்டு வாங்கினதுக்கப்புறம் முகத்த திருப்பிக்கிட்டா நான் என்ன ஆளு?"

கட்டை அம்மணமாக நின்றது. ஃபப்ரேகட் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு தன் கழுத்திலிருந்த கட்டம் போட்ட சால்வையைக் கழற்றிக் கொண்டுபோய் அதற்குப் போர்த்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அளவுகோலை எடுத்துக்கொண்டார். லெயாந்திரோ அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் குஸ்தோதியா வந்தாள். தெற்கு ஸ்பெயினில் ஆந்தலூசியாவின் ஹயேனிலிருந்து பிழைக்க வந்த இரண்டு சகோதரிகளில் இளையவள். அக்காள் என்கார்னாவும் அவளைப் போலவே கோழிப் பண்ணையின் வெட்டுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மேல்தெருவில், எர்மெங்கோலின் பட்டறைக்கு நேர் எதிரே, மாடியில் ஸ்பெயின் கொடி கட்டியிருப்பவளும் அவளே. குஸ்தோதியா பெட்டி படுக்கையோடு வந்திருந்தாள், கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போகும் நண்பகல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில். ரெமெய் அட்டையை வாங்கிப் படித்தாள். "குஸ்தோதியா மால்தொனாதோ சித், வாக்களிக்கிறார்." உறையைப் போட்டுவிட்டு அவள் திரும்பினாள். "இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். கோழிக்காரின்னுதான் கூப்பிடுவாங்க. முழுப் பேரையும் இன்னிக்குத்தான் ஒருத்தர் சத்தமா சொல்லிக் கேக்கறேன்" என்றாள், ஸ்பானிய மொழியில். ரெமெய்க்குச் சுருக்கென்றது. கோழிக்காரி என்று கூப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி. அப்போது ஃபப்ரேகட்டின் கண் கட்டையைச் சுற்றியிருந்த சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோடு அடிக்க அவர் அளவுகோலைப் பட்டியலின் மேல் வைத்தார், கோடு அடித்தார், அடுத்தவர் வந்தார்.

மதியம் கூட்டம் குறைந்தது. தக்காளி தேய்த்த ரொட்டியும் பொரித்த பன்றிக்கறியும் வந்தன. கல்தெரிக் வாய் நிறைய மென்றுகொண்டே ஆரம்பித்தான்.

"ஃபப்ரேகட் ஐயா, ஒண்ணு கேக்கறேன். நம்ம பார்லிமென்ட கலைச்சவங்களே தேர்தலும் வைக்கிறாங்க. பல்ல உடைச்சவனே பல் டாக்டர்னு போர்டு மாட்டினா எப்படி?"

"அரசியல் சட்டத்துல இருக்கற அதிகாரம்தான் அது. நீயும் நானும் பிடிக்கலன்னா மாத்தலாம், அதுக்கும் வழி இருக்கு. மீறினா அப்புறம் எதுக்கும் வழி இல்ல."

"அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டப்ப நான் பொறக்கவே இல்லயே."

"உன் லாரி ஓடற ரோடு போட்டப்பவும் நீ பொறக்கல. அதுக்காக வயல்லயா ஓட்டற?"

"ரோடு எங்க போகுதுன்னு கேக்கவாவது விடணும்ல? கேட்டதுக்குத்தானே அக்டோபர்ல அடிச்சாங்க? நம்ம ரெமெய் அக்கா கையே சாட்சி!"

ரெமெய் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "மேசைல அரசியல் பேசக்கூடாது. வாய மூடிட்டுத் தின்னு" என்றாள். கல்தெரிக்கிற்கு அவள் தன்னடக்கத்தில் பேசுவதாகத் தோன்றியது. அவன் அவளை இன்னும் மரியாதையாகப் பார்த்தான், அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் ஆலிவ் பறித்தவர்கள் மண் ஒட்டிய காலணிகளோடு வரிசை வரிசையாக வந்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு கூட்டத்தை எந்தத் தேர்தலும் பார்த்ததில்லை. ரெமெய்யின் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் அறையின் கடைசிச் சுவர் வரை கேட்கும்படி சொன்னாள்.

எட்டு மணிக்கு வாக்களிப்பு முடியும். ஏழு ஐம்பதுக்கு என்கார்னா மூச்சிரைக்க உள்ளே வந்தாள், வெட்டுக்கூடத்தின் வெள்ளை ரப்பர் காலணியைக்கூடக் கழற்றாமல். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மரியாதையால் பாதி, வாடையால் பாதி. ரெமெய் அட்டையை வாங்கினாள். ஃபப்ரேகட் பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"இவங்க பேர் ஏற்கெனவே அடிச்சிருக்கு."

"என்னது?" என்றாள் என்கார்னா.

எர்மெங்கோல் நாற்காலியை விட்டு ஒரே எட்டில் வந்தான். பட்டியலில் இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்று. மால்தொனாதோ சித், என்கார்னாசியோன்: கோடு அடித்திருந்தது. மால்தொனாதோ சித், குஸ்தோதியா: கோடு இல்லை.

"அப்ப சரி" என்றான் எர்மெங்கோல். "காலைலயே போட்டாச்சு. ரெண்டாவது தடவ கெடையாது. போய்ட்டு வாங்க."

"காலைலயா? காலைல ஆறு மணிலேருந்து கோழி அறுத்துக்கிட்டிருக்கேன்! இந்தா, கைய மோந்து பாரு!"

"மோப்பத்த சாட்சியா எடுத்துக்கச் சட்டத்துல இடமில்ல."

"என் தங்கச்சிதான் வந்தா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா."

"அப்ப அவளக் கூப்பிடு."

என்கார்னா போனில் மூன்று முறை கூப்பிட்டாள். பேருந்து எந்த மலைக்குள் போய்க்கொண்டிருந்ததோ, அடுத்த முனையில் மணியே அடிக்கவில்லை. ஃபப்ரேகட் அளவுகோலைக் கீழே வைத்தார். "என் தப்புதான். அளவுகோல் ஒரு வரி நழுவியிருக்கும்" என்றார். தன் கட்சிக்கு விழ வேண்டிய ஓட்டைத் தானே அடித்துத் தொலைத்துவிட்டோமே என்ற வேதனை குரலில் தெரிந்தது.

"இருக்கும்னா? இருக்கும்கறதெல்லாம் பேச்சா? கல்தெரிக் எழுதின பட்டியலப் பாருங்க" என்றாள் ரெமெய்.

கல்தெரிக் பக்கங்களைப் புரட்டினான். எண் இருநூற்றுப் பன்னிரண்டில் "மால்தொனாதோ சித்" என்று இருந்தது. அவ்வளவுதான். முழுப் பெயரையும் எழுத வேண்டியவன், கை வலிக்கிறதென்று பத்தரை மணியிலிருந்து குடும்பப் பெயரோடு நிறுத்தியிருந்தான். அக்காளுக்கும் தங்கைக்கும் குடும்பப் பெயர் ஒன்றே.

"நல்லா எழுதின போ" என்றாள் ரெமெய். அவன் தலையைச் சொறிந்தான்.

சந்தேகம் வந்தால் மேசையின் மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்; இரண்டு பேர் சொல்வது எதுவோ அதுதான் தீர்ப்பு. "போடட்டும்" என்றார் ஃபப்ரேகட். கல்தெரிக் எர்மெங்கோலைப் பார்த்தான். அவன் லாரி எப்போது நின்றாலும் கடன் கேட்காமல் சரிசெய்து கொடுப்பவன் எர்மெங்கோல். "பட்டியல் என்ன சொல்லுதோ அதான்" என்றான் கல்தெரிக், யார் முகத்தையும் பார்க்காமல்.

மீதி இருந்தது ரெமெய்.

எர்மெங்கோல் குனிந்து அவள் காதருகே வந்தான். குரல் கனிவாக இருந்தது, தாய்க்குத் தாயாகத் தன்னை வளர்த்த அக்காளிடம் பேசும் குரல். "அக்கா, நீ பொய் சொல்ல வேணாம். ஞாபகமில்லன்னு சொல்லு, போதும். அறுநூறு பேரக் கூப்பிட்டிருக்க. யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒருத்தரும் உன்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க. விட்டுடு."

அக்டோபரில் தலைக்கவசம் போட்டவர் சொன்னதும் இதே வார்த்தைதான். எவ்வளவு இதமாகச் சொல்கிறார்கள், எப்போதும்! அடித்துப் பிடுங்க வந்தால்கூட மல்லுக்கு நின்றிருக்கலாம். சுற்றிலும் அவளுடைய ஆட்கள் நின்றார்கள், அவள் ஊர், அவள் கட்சி, அவளுக்குத் தொப்பியைக் கழற்றியவர்கள். "ஞாபகமில்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அந்த ரப்பர் காலணிக்காரி மட்டும் போட வந்த ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு மேல்தெருவுக்கு ஏறுவாள்.

"எனக்கு நல்லா ஞாபகமிருக்கு" என்றாள் ரெமெய், உரக்க. "காலைல வந்தது குஸ்தோதியா. நான்தான் பேரப் படிச்சேன். கையில பெட்டி படுக்க இருந்துது. முழுப் பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனா. இவங்க என்கார்னா, இன்னும் போடல. ரெண்டுக்கு ஒண்ணு. முடிஞ்சுது."

"அக்கா!" எர்மெங்கோலின் குரல் உடைந்தது. இப்போது அவன் ரகசியம் பேசவில்லை. "நம்ம பெட்டிக்காகக் கைய ஒடிச்சுக்கிட்டவ நீ! உன் எலும்ப முறிச்சவங்களுக்காடி ஓட்டுச் சேக்கற?"

அக்காளை அவன் 'டி' போட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ரெமெய் எழுந்து நின்றாள்.

"யாரும் முறிக்கல" என்றாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. அக்டோபர்ல என்னைய யாரும் தொடக்கூட இல்ல. 'விட்டுடுங்க'ன்னு ஒரு ஆள் சொன்னாரு, நான் விட்டுட்டேன். பயந்துட்டேன். ஓடறப்ப படில விழுந்தேன், அதான் கை. உங்க வீட்டுக் கெழவிங்க போட்ட ஓட்டு, ராத்திரியெல்லாம் இந்த அறைல படுத்துக் காவல் காத்துப் போட்ட ஓட்டு, அத்தனையும் நானே கைய விரிச்சுக் குடுத்தேன். ரெண்டரை மாசமா உங்க மரியாதைய வாங்கிட்டு வாய மூடிட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு எனக்கு."

யாரோ பின்னால், "பாவம், காலைலேருந்து உக்காந்து தலை சுத்திருச்சு அவளுக்கு" என்றார்கள்.

"எந்தத் தலையும் சுத்தல!" என்று கத்தினாள் ரெமெய். "ஓட்டுப் போடவே விடமாட்டேங்கறாங்கன்னுதானே நாம தெருவுக்கு வந்தோம்? அப்ப இவ ஓட்ட மட்டும் நாம எப்படிடா தடுக்கறது? இவளத் தடுத்துட்டு வாங்கற நாடு எனக்கு வேணாம். நமக்கு நாடு கிடைக்கும், இல்ல கிடைக்காமப் போகும். அது எண்ணிப் பாத்தா தெரிஞ்சுடும். ஆனா ஒரு தடவ விட்டவ நானு. திரும்ப விடச் சொல்லாதீங்க."

அட்டையைக் கையில் எடுத்தாள். கட்டிய தொண்டையிலிருந்து எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, நடைபாதையில் நின்ற காவலர்கூட எட்டிப் பார்த்தார்.

"என்கார்னாசியோன் மால்தொனாதோ சித், வாக்களிக்கிறார்."

உறை விழுந்தது. என்கார்னா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரெமெய்யை நேருக்கு நேர் பார்த்தாள். "நான் உங்க தனிநாட்டுக்கு எதிராத்தான் போட்டிருக்கேன். தெரியும்ல?"

"தெரியும். தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் இருக்கு."

எட்டு மணிக்கு ரெமெய் கதவை மூடச் சொன்னாள். வரிசையில் மிச்சமிருந்தவர்கள் போட்டு முடித்தார்கள். மேசையில் உட்கார்ந்தவர்களும் முகவரும் கடைசியில்தான் போட வேண்டும். ஃபப்ரேகட் போட்டார். கல்தெரிக் போட்டான், "மன்னிச்சிருங்க அக்கா" என்று முணுமுணுத்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பிறகு எர்மெங்கோல் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. உறையை நீட்டினான்.

"அடையாள அட்டை" என்றாள் ரெமெய்.

"என்னைய உனக்குத் தெரியாதா?"

"எல்லார்கிட்டயும் கேட்டேன்."

அவன் பையைத் துழாவி அட்டையை எடுத்து மேசையில் போட்டான். "இருபத்தஞ்சாம் தேதி எங்க வீட்டுக்குச் சாப்பிட வராத" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அவளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அந்த வீடுதான். தம்பியின் வீட்டு மேசையில் சன்னல் பக்கத்து நாற்காலி முப்பது வருடமாக அவளுடையது. ரெமெய் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெளியும் வரை காத்திருந்து, மற்ற அறுநூற்றுச் சொச்சம் பேருக்குப் படித்த அதே குரலில் படித்தாள்.

"எர்மெங்கோல் போருல் சபத்தே, வாக்களிக்கிறார்."

அவன் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். இப்போது பட்டியலில் கோடு விழாத பெயர் மேசையில் ஒன்றுதான் இருந்தது. தலைவியின் பெயரைப் படிக்க வேறு ஆள் கிடையாது. ஃபப்ரேகட் அளவுகோலை அந்த வரியின் மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரெமெய் தன் அட்டையைத் தானே எடுத்தாள்.

"ரெமெய் போருல் சபத்தே" என்றாள். இரண்டரை மாதமாக அந்தப் பெயரை யார் சொன்னாலும் அவளுக்குக் கூசியது. இப்போது கூசவில்லை. "வாக்களிக்கிறார்."

உறை உள்ளே போனது. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரும் போக வேணாம். எண்ணப் போறேன். எந்தக் கட்சி பேர் வந்தாலும் சத்தமாத்தான் படிப்பேன்."

ஒருவரும் போகவில்லை.